வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு எந்தக் குழு சரி?

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோரிடம், பிள்ளை ஒருநாள் கேட்டுவிடும்: “நான் யார்கூட விளையாடுறது?” பாடத்தை அம்மா, அப்பா சொல்லித் தரலாம். சண்டை போட்டுச் சமாதானமாக இன்னொரு பிள்ளைதான் வேண்டும். இதற்குக் கைகொடுப்பவை சிறு குழுக்கள்.

பெற்றோர் குழு: நான்கைந்து குடும்பங்கள் முறைவைத்து, வாரத்தில் இரண்டு நாள் சொல்லித் தருவது. செலவு குறைவு, சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. ஒரு வீட்டார் முறை தவறினாலும் குழு ஆட்டம் கண்டுவிடும்.

ஆசிரியர் குழு: கணக்கு, அறிவியலுக்கு ஓர் ஆசிரியரை அமர்த்தி, சம்பளத்தைப் பகிர்ந்துகொள்வது. வயதைப் பார்க்காமல், பாடத்தில் ஒரே நிலையில் இருப்பவர்களைச் சேர்ப்பது நல்லது.

ஆன்லைன் குழு: சிற்றூரில் இருப்பவர்களுக்கு வசதி. பாடம் கிடைக்கும், ஓடிப்பிடித்து விளையாடத் துணை கிடைக்காது.

எந்தக் குழுவும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் தராது. அதற்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (என்.ஐ.ஓ.எஸ்.) பதிவு செய்யலாம். குறைந்தபட்ச வயது 14. பொதுத்தேர்வு வருடத்துக்கு இருமுறை நடக்கும்.

முழுப் பணத்தையும் கட்டும் முன் இரண்டு வாரம் அனுப்பிப் பாருங்கள். வீடு திரும்பும் பிள்ளையின் பேச்சில் ஒரு நண்பனின் பெயர் வருகிறதா என்று கவனியுங்கள்.