மீளாச் செயல்களும் பரிவர்த்தனை ஒழுங்கும்: பொருள்களின் இணையத்தில் கருவிகளின் கூட்டியக்கம்

தொடர்புடைய செயல்கள் அனைத்தும் நிறைவேறவேண்டும்; இல்லையேல் எதுவும் நிகழாதது போலத் தொடக்கநிலை மீளவேண்டும். கணினியியல் இப்பிணைப்பையே பரிவர்த்தனை என வழங்குகிறது. ஒரு கணக்கில் கழித்த தொகை மற்றொரு கணக்கில் சேராமற்போகக் கூடாது என்பது போன்ற தேவைகளுக்காகத் தரவுத்தளத் துறையில் வளர்ந்த இக்கருத்து, உணரிகளும் இயக்கிகளும் கூடிப் பணிபுரியும் பொருள்களின் இணையத்தில் புதிய சிக்கலைச் சந்திக்கிறது.

சொட்டுநீர்ப் பாசனத்தைச் சான்றாகக் கொள்ளலாம். ஈரப்பத உணரி, வால்வு, மோட்டார், உரக்கரைசல் செலுத்தி ஆகிய நான்கும் அங்கு இணைந்து இயங்குகின்றன. வால்வு திறவாமல் மோட்டார் ஓடினால் குழாயில் அழுத்தம் மிகும். நீரோட்டமின்றி உரம் செலுத்தினால் கரைசல் குழாயிலேயே தேங்கும்.

இத்தகைய இணைப்புக்குத் தரவுத்தளத் துறை தந்த மரபான தீர்வு இருநிலை உறுதிப்பாட்டு நெறிமுறையாகும். இதில் 'ஆயத்தம்' என விடையளித்த கருவி, இறுதி ஆணை வரும்வரை தானாகப் பின்வாங்க இயலாது. ஒருங்கிணைக்கும் வழங்கி அவ்விடைவெளியில் செயலிழந்தால் அனைத்தும் காத்துக் கிடக்கும். மின்கலத்தைச் சேமிக்கப் பெரும்பொழுது உறங்கும் கருவிக்கு இக்காத்திருப்பு ஒவ்வாதது.

ஹெக்டர் கார்சியா-மோலினா, கென்னத் சேலம் ஆகியோர் 1987இல் முன்வைத்த 'சாகா' முறை வேறு வழியைக் காட்டுகிறது. நீண்ட பரிவர்த்தனை சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஈடுசெய் செயல் ஒன்று வகுக்கப்படுகிறது. இடையில் தடை நேர்ந்தால், முடிந்த படிகளின் ஈடுசெய் செயல்கள் கடைசியிலிருந்து முதல்நோக்கி நிகழ்த்தப்படும். திறந்த வால்வை மூடலாம். ஓடும் மோட்டாரை நிறுத்தலாம். மண்ணில் இறங்கிய உரத்திற்கு ஈடுசெய் செயல் ஏது? ஜிம் கிரே 1981இலேயே பணம் வழங்கும் இயந்திரத்தைச் சுட்டி, செய்தபின் மீட்கவியலாத இவ்வகைச் செயல்களைத் தனியே பிரித்துக் காட்டினார். ஆகவே வால்வு திறந்ததையும் நீரோட்டத்தையும் அளந்து உறுதிசெய்த பின்னரே, இறுதிப் படியாக உரம் செலுத்தப்படவேண்டும்.

செய்தி சேர்வதும் செயல் நிகழ்வதும் வேறு வேறு. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழி கண்காணிக்க 1999இல் உருவான எம்க்யூடிடி நெறிமுறையின் உயர்தர நிலை, ஒரு செய்தி ஒருமுறை மட்டுமே சேரும் என உறுதியளிக்கிறது. வால்வு உண்மையில் திரும்பியதா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. விடை வராதபோது கட்டளையை மீண்டும் அனுப்பவே நேரும். 'வால்வைத் திற' என்பது இருமுறை வந்தாலும் தீங்கில்லை. '5 லிட்டர் செலுத்து' என்பது இருமுறை நிறைவேறினால் 10 லிட்டராகும். எனவே பின்னதற்கு வரிசை எண் இன்றியமையாதது. அவ்வெண்ணைக் கருவி எப்போது பதிவது என்பதும் முக்கியமானது. செலுத்திய பின் பதிவதாயின், இடையில் மின்சாரம் நின்றால் உரம் இரட்டிக்கக்கூடும். செலுத்துமுன் பதிந்தால் உரம் விடுபடக்கூடும். விடுபட்ட உரத்தைப் பின்னர் அளிக்கலாம் என்பதால் முன்பதிவே ஏற்றது. தொட்டியின் கரைசல் மட்டத்தை அளக்கும் உணரி இருப்பின், மின்சாரம் மீண்டதும் எவ்வளவு செலுத்தப்பட்டது என்பதைக் கருவியே கணக்கிட்டு எஞ்சியதை மட்டும் செலுத்த இயலும்.