கணக்கும் காத்திருப்பும்

நுழையும்முன்

பழகிய கணக்குகளை விரைந்து செய்து முடிக்கிறோம். இதுவரை கண்டிராத கணக்கொன்று எதிர்ப்பட்டால் என்ன செய்வோம்? கணிதப் போட்டிகளுக்கு மாணவர் ஆயத்தமாகும் முறையையும் அதில் தனிப்பயிற்சிக்குரிய இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆறு கணக்குகள், ஒன்பது மணி நேரம்

பன்னாட்டுக் கணித ஒலிம்பியாட் போட்டி 1959ஆம் ஆண்டு ருமேனியாவில் தொடங்கியது. இந்தியா 1989 முதல் இதில் பங்கேற்று வருகிறது. நம் நாட்டில் படிப்படியான தேர்வுகளில் தேறியோர் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்படுகின்றனர். அவர்களுள் அறுவர் இந்திய அணியில் இடம்பெறுவர். மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இப்பணியை ஒருங்கிணைக்கிறது.

போட்டி இரண்டு நாள்கள் நடைபெறும். நாளொன்றுக்கு மூன்று கணக்குகள். நேரம் நான்கரை மணி. ஒவ்வொரு கணக்கிற்கும் 7 மதிப்பெண். விடையை மட்டும் எழுதினால் போதாது; அது சரியென நிறுவவும் வேண்டும்.

ஒரு சான்று

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் உள்ளன. எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை நீக்கினால் 62 எஞ்சும். அடுத்தடுத்த இரு கட்டங்களை மூடும் வில்லைகள் 31 கொண்டு அவற்றை முழுமையாக மூட இயலுமா?

எண்ணிக்கை பொருந்துவதால் இயலும் என்றே முதலில் தோன்றும். பலமுறை அடுக்கித் தோற்ற பின்னரே கட்டங்களின் நிறம் கண்ணில் படும். நீக்கிய இரண்டும் ஒரே நிறத்தவை. எனவே எஞ்சியவற்றுள் ஒரு நிறம் 32, மற்றொன்று 30. ஒவ்வொரு வில்லையும் இருநிறத்திலும் ஒவ்வொன்றை மூடும். ஆகவே, முழுமையாக மூட இயலாது.

தனிப்பயிற்சியின் பயனும் எல்லையும்

பள்ளிப் பாடத்தில் விரிவாக இடம்பெறாத எண்ணியல், சேர்ப்பியல் கருத்துகளைத் தனிப்பயிற்சி ஆசிரியர் அறிமுகப்படுத்தலாம். மாணவரின் நிரூபணத்திலுள்ள இடைவெளியைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் மேற்கண்ட கணக்கில், “நிறத்தைப் பார்” என்று அவர் தொடக்கத்திலேயே கூறிவிட்டால் மாணவருக்கு விடை கிடைக்கும். தேடும் திறன் வளராது. போட்டி அரங்கில் துணைக்கு வருவது அத்திறனே. எப்போது பேசாதிருக்க வேண்டும் என்பதை அறிந்தவரே நல்ல பயிற்சியாளர்.

கட்டணம் தடையாகலாமா?

தனிப்பயிற்சிக்குக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்கள் பல. அறிவுத் தேடல் பொருள்வளத்தைச் சார்ந்து நின்றால் இழப்பு நாட்டுக்கே. ஹங்கேரியில் 1894ஆம் ஆண்டு பள்ளி மாணவர்க்கான கணித இதழொன்று தொடங்கியது. அதில் வெளியான கணக்குகளுக்கு மாணவர்கள் விடை எழுதி அஞ்சலில் அனுப்பினர். சிற்றூர் மாணவரும் அதனால் பயன்பெற முடிந்தது.

கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் பதினாறு வயதளவில் ஜி.எஸ். கார் தொகுத்த கணித நூலைப் பெற்றார். கார் ஒரு தனிப்பயிற்சி ஆசிரியர். அந்நூலில் ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு முழுமையான நிரூபணம் இல்லை. விடுபட்டவற்றை இராமானுஜன் தாமே தேடிக் கண்டார். பயிற்சியாளரின் குறைவான சொற்களே மாணவரின் நிறைவான சிந்தனைக்கு வழிவிட்டன.

நம் பள்ளியிலும் இதனைத் தொடங்கலாம். வாரந்தோறும் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கணக்கை எழுதுவோம். அடுத்த வாரம் வரை விடையை யாரும் வெளியிடாதிருப்போம். அதற்குக் கட்டணம் தேவையில்லை. பொறுமை ஒன்றே போதும்.