விமானத்தில் போனவர்களும் ஆற்றில் இறங்கி வந்தவர்களும்

2024 ஜனவரி 23 அன்று மியான்மர் ராணுவத்தின் விமானம் ஒன்று மிசோரமின் லெங்புய் விமான நிலையத்தில் இறங்கியது. மலையைச் சமன்செய்து போட்ட ஓடுபாதை. விமானம் அதைத் தாண்டி ஓடிச் சரிவில் இறங்கி உடைந்தது. உள்ளே இருந்த 14 பேரில் சிலருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை.

அந்த விமானம் சிப்பாய்களை அழைத்துப்போக வந்தது. அரக்கான் ஆர்மி என்ற கிளர்ச்சிப் படையிடம் முகாமைப் பறிகொடுத்த 276 மியான்மர் படையினர், அந்த மாதத்தில்தான் ஆயுதங்களோடு எல்லை தாண்டி லாங்த்லாய் மாவட்டத்துக்குள் வந்திருந்தார்கள். அசாம் ரைபிள்ஸ் அவர்களைத் தன் பொறுப்பில் வைத்துப் பாதுகாத்து, லெங்புய்க்குக் கொண்டுவந்து சேர்த்தது. முந்தைய நாளே 184 பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். மீதி 92 பேருக்காக வந்த விமானம்தான் விபத்தில் சிக்கியது.

அதே நாட்களில், அதே மிசோரமில், இந்த ராணுவத்தின் குண்டுகளுக்குத் தப்பி வந்த 30,000-க்கும் மேற்பட்டவர்கள் தார்ப்பாய்க் கூடாரங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கியிருந்தார்கள். பெண்கள், குழந்தைகள், வேலையைத் துறந்துவந்த ஆசிரியர்கள், செவிலியர்கள். எங்கள் ஊரைக் கொளுத்தியவர்களைப் பத்திரமாக அனுப்பிவைக்கிறீர்களே, நாங்கள் யார் என்று அவர்கள் கேட்டால், இந்தியச் சட்டத்திடம் ஒரே பதில்தான் இருக்கிறது: சட்டவிரோதக் குடியேறி. அகதி என்பவர் யார் என்று வரையறுக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. 1951-ம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் நாம் கையெழுத்திடவில்லை.

ஐந்து ஆண்டுகளாக இந்தியாவின் மியான்மர் கொள்கை என்று நமக்குச் சொல்லப்படுவதன் உள்ளடக்கம் இந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2020 நவம்பரில் மியான்மர் மக்கள் வாக்களித்தார்கள். ஆங் சான் சூகியின் தேசிய ஜனநாயக லீக், போட்டி நடந்த 476 நாடாளுமன்ற இடங்களில் 396-ஐ வென்றது. ராணுவத்தின் ஆதரவுக் கட்சிக்கு 33. புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய 2021 பிப்ரவரி 1 அன்று விடிவதற்குள் சூகியைக் கைதுசெய்து ஆட்சியைப் பிடித்தார் தளபதி மின் ஆங் ஹலைங். மார்ச் 27-ல் ராணுவ தின அணிவகுப்பு நடந்தது. அன்று ஒரே நாளில் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். தலைநகர் நேப்பிடாவில் நடந்த அந்த அணிவகுப்புக்குப் பிரதிநிதியை அனுப்பிய நாடுகள் எட்டு. அவற்றில் இந்தியாவும் ஒன்று.

ஐ.நா. பொதுச்சபையில் 2021 ஜூனில் ராணுவ ஆட்சியைக் கண்டித்துத் தீர்மானம் வந்தபோது 119 நாடுகள் ஆதரித்தன. இந்தியா விலகி நின்றது. 2022 டிசம்பரில் பாதுகாப்பு மன்றத்தில் வந்த தீர்மானத்தின்போது மன்றத்தின் தலைமைப் பொறுப்பே இந்தியாவிடம்தான் இருந்தது. அப்போதும் சீனா, ரஷ்யாவுடன் சேர்ந்து விலகி நின்றோம்.

டெல்லிக்குக் காரணங்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்லை 1,643 கிலோமீட்டர். வடகிழக்கின் ஆயுதக் குழுக்கள் அந்தப் பக்கக் காடுகளில் ஒளிந்து பழகியவை. சீனாவின் நிழல் வேறு. இதற்கெல்லாம் முன்னால் 1988-ன் அனுபவம் இருக்கிறது. அந்த ஆண்டு ரங்கூன் தெருக்களில் மாணவர்கள் சுடப்பட்டபோது, ராஜீவ் காந்தியின் அரசு வெளிப்படையாகவே மக்கள் பக்கம் நின்றது. தப்பி வந்த மாணவர்களுக்கு மணிப்பூரிலும் மிசோரமிலும் முகாம் போட்டது. ஆனால் ராணுவம் அசையவில்லை. சீனா உள்ளே புகுந்துகொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் நரசிம்ம ராவ் அரசு தளபதிகளோடு கைகுலுக்கியது. ஆட்சியில் யார் இருக்கிறார்களோ அவர்களோடுதான் பேச வேண்டும் என்பது அன்றிலிருந்து வேதவாக்காகிவிட்டது.

ஆனால் இப்போது எல்லையில் ஆள்வது யார்? 2023 அக்டோபரில் கிளர்ச்சிப் படைகள் தொடங்கிய தாக்குதலுக்குப் பிறகு வரைபடமே மாறிவிட்டது. அந்த நவம்பரில், மிசோரமின் ஜோகாவ்தார் கிராமத்துக்கு எதிரே இருந்த ராணுவ முகாம்களை, மிசோக்களின் உறவினமான சின் மக்களின் படைகள் பிடித்தன. இந்தியாவின் கலடான் திட்டம் கொல்கத்தாவிலிருந்து கடல்வழியாகச் சித்வே துறைமுகம், அங்கிருந்து ஆற்றுவழியாகப் பலேத்வா, பிறகு சாலைவழியாக மிசோரம் என்று போட்ட கணக்கு. 2008-ல் ஒப்பந்தமாகி, 2023 மே மாதம் சித்வே துறைமுகம் திறந்தாயிற்று. எட்டே மாதத்தில் பலேத்வா அரக்கான் ஆர்மியின் கைக்குப் போய்விட்டது. நாம் பணத்தைப் போட்ட பாதையின் சாவி நேப்பிடாவிடம் இல்லை. நடைமுறை அரசியல் பேசுகிறவர்கள் இந்த நடைமுறையையும் பார்க்க வேண்டாமா?

அதைப் பார்த்தது மிசோரம்தான். அரசமைப்பின்படி ஒரு மாநிலத்துக்கு வெளியுறவுக் கொள்கை கிடையாது. ஆனாலும் 2025 பிப்ரவரியில், தங்களுக்குள் பிளவுபட்டிருந்த இரண்டு சின் அமைப்புகள் ஒன்றாக இணைய ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட இடம் அய்ஸால். முதல்வர் லால்துஹோமா உடனிருந்தார்.

இந்த வேறுபாடு தொடக்கத்திலேயே தெரிந்தது. 2021 மார்ச் 10-ல் உள்துறை அமைச்சகம் எல்லை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. வருகிறவர்களைத் தடுங்கள், வந்தவர்களைக் கண்டறிந்து திருப்பி அனுப்புங்கள், அகதி என்று அங்கீகரிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு இல்லை என்றது கடிதம். எட்டே நாளில் அன்றைய முதல்வர் ஜோரம்தங்கா பிரதமருக்கு எழுதினார். இவர்கள் எங்கள் ரத்த உறவுகள், இந்த உத்தரவை ஏற்க முடியாது என்பதே சாரம். மணிப்பூர் அரசோ மார்ச் 26-ல் ஒரு சுற்றறிக்கை விட்டது. உணவுக்கும் உறைவிடத்துக்கும் முகாம் திறக்காதீர்கள், அடைக்கலம் கேட்டு வருகிறவர்களை மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள் என்றது. எதிர்ப்புக் கிளம்பியதும் மூன்றே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ‘மரியாதையாக’ என்ற சொல்லை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஜோகாவ்தாரை அடுத்து ஓடும் தியாவ் ஆறுதான் அங்கே எல்லை. மழைக்காலத்தில் புரண்டு வரும். வெயில் காலத்தில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நடந்து போய்விடலாம். குறுக்கே ஒரு பாலம். அக்கரையில் சில கிலோமீட்டர் போனால் ரிஹ் தில் என்ற ஏரி. இறந்தவர்களின் ஆன்மா மறுவுலகம் போகும் வழியில் அந்த ஏரியைக் கடக்கிறது என்பது மிசோக்களின் முன்னோர் நம்பிக்கை. மிசோரமின் மிகப் பெரிய ஏரி பர்மாவில் இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். 1937-ல் பிரிட்டிஷார் இந்தியாவிலிருந்து பர்மாவைப் பிரித்தபோது, செத்தவர்கள் போகும் வழியும் வெளிநாடாகிவிட்டது.

1966 மார்ச்சில் மிசோ கிளர்ச்சியை ஒடுக்க இந்திய விமானப்படை அய்ஸால் மீது குண்டு போட்டது. அப்போது உயிர் பிழைக்க எல்லை தாண்டியவர்களுக்குச் சோறு போட்டவர்கள் அக்கரைச் சின் மக்கள். மிசோக்களுக்கு அந்தக் கடன் நினைவிருக்கிறது.

மிசோ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துப் பானையில் போட்டுவைப்பார்கள். சேர்ந்ததும் தேவாலயத்துக்குப் போகும். நூறாண்டுகளைத் தாண்டிய வழக்கம். நம் வீடுகளிலும் பிடியரிசி எடுத்துவைத்த பாட்டிகள் இருந்தார்கள். அதனால் இதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அப்படிப் பழகிய கைகள்தான் 2021-ல் ஆற்றைக் கடந்து வந்தவர்களைத் தாங்கின. மிசோ இளைஞர் சங்கமும் தேவாலயங்களும் அரிசி, காய்கறி, துணிமணி, மூங்கில் என்று திரட்டின. அந்த ஆகஸ்டில் மாநிலக் கல்வித்துறை, வந்த பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டது. அக்கரையில் பத்தாயிரம் பேர் வாழ்ந்த தாந்த்லாங் என்ற மலை நகரம் அடுத்த மாதங்களில் எரிந்தபோது, அங்கிருந்து வந்தவர்களுக்கும் இடமிருந்தது.

இந்த விருந்தோம்பலுக்கும் களைப்பு உண்டு. சிறிய மாநிலம், அதற்குச் சொந்த வருவாய் குறைவு. எல்லை வழியாகப் போதைப்பொருளும் வருகிறது, முணுமுணுப்பும் வளர்ந்திருக்கிறது. 2025 ஜூலையில் சின் குழுக்களே ஒன்றோடொன்று மோதியதில் மேலும் சுமார் 4,000 பேர் ஜோகாவ்தாருக்குள் வந்தார்கள். அதே ஆண்டு அகதிகளின் கைரேகை உள்ளிட்ட உடல் அடையாளங்களைப் பதிவுசெய்யும் வேலை தொடங்கியது. பதிவு இருப்பது நல்லதுதான். ஆனால் பாதுகாப்பதற்கான பதிவா, பிற்பாடு திருப்பி அனுப்புவதற்கான பதிவா என்று சொல்வதற்குச் சட்டம் இல்லையே. பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல முடியுமா?

16 கிலோமீட்டர் வரை இரு பக்கத்தாரும் விசா இல்லாமல் போய்வந்த ஏற்பாட்டை ரத்துசெய்வதாக 2024 பிப்ரவரியில் உள்துறை அமைச்சர் அறிவித்தார். எல்லை முழுவதும் வேலி என்றும் அறிவிப்பு வந்தது. அம்மாத இறுதியிலேயே மிசோரம் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. பின்னர் அனுமதிச் சீட்டோடு 10 கிலோமீட்டர் என்று சுருக்கினார்கள்.

ரத்த உறவு இருந்தால்தான் அடைக்கலமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ரோஹிங்கியாக்களுக்கு இந்தியாவில் அப்படி எந்த மாநிலமும் இல்லை. 2017-ல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அதே ராணுவம் வங்கதேசத்துக்கு விரட்டியது. இந்தியாவுக்கு வந்தவர்களில் ஏழு பேரை 2018 அக்டோபரில் மணிப்பூரின் எல்லை ஊரான மோரே வழியாக அந்த ராணுவத்தின் நாட்டுக்கே திருப்பி அனுப்பினோம். உச்ச நீதிமன்றம் தடுக்கவில்லை. ஆனால் 2021 மே மாதம் மணிப்பூர் உயர் நீதிமன்றம் வேறு திசையில் போனது. தப்பி வந்த ஏழு மியான்மர்காரர்கள், உயிருக்கு ஆபத்தான இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற நெறியை அரசமைப்பின் 21-வது பிரிவுக்குள்ளேயே காணலாம் என்ற தீர்ப்போடு, அடைக்கலம் கேட்க டெல்லிக்குப் போனார்கள். ஒரே நாட்டில் இரண்டு ஏழு பேருக்கு இரண்டு கதி. சட்டம் இல்லாத இடத்தில் நீதிபதியின் மனசுதான் சட்டம்.

இந்த மோரேயில் தமிழர்கள் இருக்கிறார்கள். 1962-ல் நீ வின் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது, பர்மா தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறி வந்தார்கள். சென்னையின் பர்மா பஜாரும், அங்கே மாலையில் கூட்டம் மொய்க்கும் அத்தோ கடைகளும் அந்த வழியில் வந்தவை. இங்கே பிழைக்க முடியாமல், பிறந்த ஊருக்கே நடந்தாவது திரும்பிவிடலாம் என்று கிளம்பிய சிலரைப் பர்மா உள்ளே விடவில்லை. அவர்கள் எல்லையிலேயே தங்கி, மோரேயில் கோயில் கட்டி, சங்கம் வைத்து, கடை போட்டு வாழ்ந்தார்கள். 2022 ஜூலையில் அந்த ஊர்த் தமிழ் இளைஞர்கள் இருவர் அக்கரைத் தமு நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 2023 மே மாதம் மணிப்பூர் இனக்கலவரத்தில் பற்றியெரிந்தபோது மோரேயில் தமிழர் வீடுகளும் தப்பவில்லை. இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை வீடிழப்பது அந்தக் குடும்பங்களுக்கு வெளியுறவுக் கொள்கை பற்றிய பாடம் இல்லை, வாழ்க்கை.

2025 ஆகஸ்ட் 31-ல் சீனாவின் தியான்ஜினில் பிரதமர் மோடி, மின் ஆங் ஹலைங்கைச் சந்தித்தார். வரப்போகும் தேர்தல் நேர்மையாக, எல்லாத் தரப்பையும் சேர்த்துக்கொண்டு நடக்கும் என்ற நம்பிக்கையை இந்தியா தெரிவித்தது. அந்த நாளில் சூகி சிறையில். அவரது கட்சி 2023-லேயே கலைக்கப்பட்டாயிற்று. தேர்தலைக் குலைப்பவர்களுக்கு மரணதண்டனை வரை விதிக்கலாம் என்ற சட்டம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. டிசம்பர் 28, ஜனவரி 11, ஜனவரி 25 என மூன்று கட்டமாக வாக்குப்பதிவு நடந்தது. மொத்தம் 330 நகரியங்களில் 60-க்கும் மேற்பட்டவற்றில் பெட்டியே வைக்கப்படவில்லை. ராணுவத்தின் கட்சி பெருவெற்றி பெற்றது. எல்லாத் தரப்பும் என்று நாம் சொன்ன தரப்புகளில் ஒரு பெரும் பகுதி சிறையிலும் காட்டிலும், நம் ஜோகாவ்தாரிலும் இருந்தது. அவர்களிடம் கேட்காமல் நடந்த தேர்தலை முடிந்த கதையாக ஏற்றுக்கொண்டால், அவர்கள் ஊர் திரும்பும் வழியை நாமும் சேர்ந்து அடைக்கிறோம்.

இந்தியா மியான்மர் மக்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். 2025 மார்ச் 28-ல் பூகம்பம் தாக்கியபோது முதலில் போய்ச் சேர்ந்த விமானங்களில் நம்முடையவையும் இருந்தன. அந்த வேகத்தில் ஒரு துளி எல்லைக் கூடாரங்களின் பக்கம் திரும்பினால் போதும். அகதிகளுக்கு ஒரு சட்டம். அக்கரையை உண்மையில் ஆள்பவர்களோடு வெளிப்படையான பேச்சு. மிசோரமின் அரிசிப் பானைக்கு மத்திய அரசின் பங்கு. டெல்லியால் முடியாத காரியம் எதுவும் இதில் இல்லை.

நம் குடியுரிமைச் சட்டப்படி, 2004 டிசம்பருக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றாலே அந்தக் குழந்தை இந்தியக் குடிமகன் ஆகாது. தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்த வலியை நன்றாக அறிவார்கள். 2019-ன் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கும் இடமில்லை, மியான்மரிலிருந்து வந்தவர்களுக்கும் இடமில்லை. 2021-ல் தியாவ் ஆற்றைக் கடந்து வந்த கர்ப்பிணிகளின் பிள்ளைகளுக்கு இப்போது பள்ளி வயது. மிசோரமின் அரசுப் பள்ளியில் அவர்களுக்கு பெஞ்சு கிடைக்கும், புத்தகமும் கிடைக்கும். விண்ணப்பத்தில் நாடு என்று ஒரு கட்டம் இருந்தால், அதில் என்ன எழுதுவது என்று அந்த அம்மாக்களுக்குத் தெரியவில்லை; தலைமையாசிரியருக்கும் தெரியாது.