வீட்டுக்கு 4 கஞ்சா செடி!

கனடா நாட்டில் ஒரு வீட்டுத் தோட்டம். கோடை காலம். ஒரு பக்கம் தக்காளி காய்த்துத் தொங்குகிறது. இன்னொரு பக்கம் மிளகாய். அதற்கு அடுத்தாற்போல் 4 செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கின்றன.

அவை கஞ்சா செடிகள்!

வீதியில் போலீஸ்காரர் வருகிறார். செடிகளைப் பார்க்கிறார். ஒன்றும் கேட்காமல் போய்விடுகிறார். வழக்கு இல்லை, அபராதம் இல்லை. காரணம், அந்த 4 செடிகளும் சட்டப்படி வளர்க்கப்படுபவை.

நம் நாட்டில் இப்படி நடக்காது. 1985–ம் ஆண்டு கொண்டுவரப்பட்ட போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் கஞ்சா செடி வளர்ப்பது குற்றம். 10 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

கனடாவில் சட்டம் வழி விட்டது. அதனால் ஒரு புதிய கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டது. "சட்டம் வளர்க்கலாம் என்கிறது. சரி, நம் வீட்டில் வளர்க்கலாமா?" இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. குடும்பம்தான் பதில் சொல்லவேண்டும்.

95 ஆண்டுத் தடை

கனடாவிலும் கஞ்சா ஒரு காலத்தில் தடை செய்யப்பட்ட பொருள்தான். 1923–ம் ஆண்டு அங்கே தடை வந்தது. 2001–ம் ஆண்டு நோயாளிகளுக்கு மட்டும் மருந்தாகப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது.

தடை இருந்தும் பழக்கம் ஒழியவில்லை. இளைஞர்கள் கள்ளத்தனமாக வாங்கினார்கள். பணம் எல்லாம் கள்ள வியாபாரிகள் கைக்குப் போயிற்று. "கடை வைத்து, வயதைப் பார்த்து, அளவோடு விற்றால் இது குறையும்" என்று அப்போது பிரதமராக இருந்த ஜஸ்டின் ட்ரூடோவின் அரசாங்கம் வாதாடியது.

2018–ம் ஆண்டு அக்டோபர் 17–ந்தேதி புதிய சட்டம் அமுலுக்கு வந்தது. உலகில் இப்படி நாடு முழுவதும் கஞ்சாவை அனுமதித்த இரண்டாவது நாடு கனடா. முதல் நாடு தென் அமெரிக்காவில் உள்ள உருகுவே. அங்கே 2013–ம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது.

கடை இருக்கும்போது செடி எதற்கு?

கடையில் விற்க அனுமதி கொடுத்தாயிற்று. பிறகு வீட்டில் வளர்க்க ஏன் அனுமதி?

இதுபற்றி ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைக்கப்பட்டது. முன்னாள் துணைப் பிரதமர் ஆன் மெக்லெலன் அதன் தலைவி. 2016–ம் ஆண்டு டிசம்பர் மாதம் குழுவின் அறிக்கை வெளியிடப்பட்டது. "வீட்டுக்கு 4 செடி அனுமதிக்கலாம். செடி 100 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது" என்று அறிக்கை கூறியது.

கனடா மிகப் பெரிய நாடு. பல ஊர்களுக்குப் பக்கத்தில் கடை கிடையாது. வீட்டில் பீர் காய்ச்சிக் குடிக்கவும் திராட்சை ரசம் தயாரிக்கவும் அங்கே அனுமதி உண்டு. அப்படியிருக்க, நாலு செடிக்கு மட்டும் தடை எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. "ஒவ்வொரு வீடாகப் போய் செடியை எண்ணிக்கொண்டிருக்க முடியுமா?" என்று போலீஸ் அதிகாரிகள் கவலைப்பட்டார்கள்.

கடைசியில் 4 செடி என்ற கணக்கு நின்றது. உயரக் கட்டுப்பாடு 1917–ம் ஆண்டல்ல, 2017–ம் ஆண்டு பார்லிமெண்டு கமிட்டியில் நீக்கப்பட்டது. செடி ஓர் அங்குலம் கூடுதலாக வளர்ந்துவிட்டால் அதற்காக வீட்டுக்காரரைக் கோர்ட்டுக்கு இழுப்பதா என்ற வாதம் வென்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டுக்கு 4 செடி. ஆளுக்கு 4 அல்ல. ஒரே வீட்டில் பெரியவர்கள் 4 பேர் இருந்தால் 16 செடி வைக்கலாமா? கூடாது. மொத்தமே 4 தான்.

விதையை அனுமதி பெற்ற இடத்தில் வாங்கவேண்டும். விளைந்ததை விற்கக்கூடாது. பெரியவர்களுக்குள் 30 கிராம் வரை இனாமாகக் கொடுக்கலாம். வெளியே போகும்போது கையில் 30 கிராமுக்கு மேல் உலர்ந்த கஞ்சா இருக்கக்கூடாது.

18 வயது ஆகாதவருக்குக் கொடுத்தால் 14 ஆண்டு வரை சிறை! வாங்கும் வயதை மாகாணங்கள் தனியாக நிர்ணயித்துள்ளன. ஆல்பர்ட்டாவில் 18. கியூபெக்கில் 21. மற்ற மாகாணங்களில் 19.

சில மாகாணங்கள் கூடுதல் நிபந்தனை போட்டிருக்கின்றன. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் வீட்டுக்குள் வளர்த்தால் தனி இடம் வேண்டும். அதற்குப் பூட்டு வேண்டும். வெளியே வளர்த்தால் சுற்றிலும் உயரமான அடைப்பு வேண்டும். அதற்கும் பூட்டு வேண்டும்.

கோர்ட்டுக்குப் போன 4 செடி

கியூபெக் மாகாணம் மட்டும் பிடிவாதமாக நின்றது. "எங்கள் மாகாணத்தில் ஒரு செடி கூடக் கூடாது. வேண்டியவர்கள் அரசாங்கக் கடையில் வாங்கிக்கொள்ளட்டும்" என்று சட்டம் போட்டது. மீறினால் 250 டாலர் முதல் 750 டாலர் வரை அபராதம்.

"நாட்டுச் சட்டம் 4 செடி தருகிறது. மாகாணச் சட்டம் அதைப் பறிக்கலாமா?" என்று ஒருவர் வழக்குப் போட்டார். 2019–ம் ஆண்டு கீழ்க் கோர்ட்டில் அவர் ஜெயித்தார். 2021–ம் ஆண்டு அப்பீலில் தோற்றார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

2023–ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தீர்ப்பு வந்தது. கியூபெக்கின் தடை செல்லும் என்று நீதிபதிகள் எல்லோரும் ஒருமனதாகக் கூறினார்கள். மக்களின் உடல்நலத்தையும், முக்கியமாக இளம் வயதினரையும் காப்பாற்ற மாகாணம் இப்படிச் சட்டம் போடலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

மானிட்டோபா மாகாணமும் தடை போட்டிருந்தது. மீறியவருக்கு 2,542 டாலர் அபராதம். அந்த மாகாணம் பிறகு மனம் மாறிற்று. 2025–ம் ஆண்டு மே மாதம் 1–ந்தேதி முதல் அங்கேயும் 4 செடி வளர்க்க அனுமதி கிடைத்தது.

ஒரே நாடு, ஒரே செடி. ஆனால் ஒரு மாகாணத்துக்கு ஒரு நியாயம்!

வளர்ப்பது சுலபமா?

கஞ்சா செடியில் ஆண் உண்டு, பெண் உண்டு. போதை தரும் பொருள் பெண் செடியின் பூவில்தான் மிகுதி. பக்கத்தில் ஆண் செடி இருந்தால் மகரந்தம் பறந்துவந்து விழும். பூவில் விதை பிடித்துவிடும். சரக்கின் தரம் குறைந்துவிடும். ஆகவே ஆண் செடியை அடையாளம் கண்டு பிடுங்கி எறியவேண்டும். பெண் செடி மட்டுமே முளைக்கும் விதைகளும் விற்கின்றன.

பெரும்பாலான வகைகள் பூப்பதற்கு நீண்ட இரவு வேண்டும். கனடாவில் கோடையில் பகல் நீளம். இரவு நீளத் தொடங்கிய பிறகுதான் பூ வரும். பூ முற்றும் சமயத்தில் குளிரும் மழையும் வந்துவிடும். ஈரத்தில் பூசணம் பிடித்தால் மாதக்கணக்கில் பட்ட பாடு வீண்.

வீட்டுக்குள் வளர்க்கலாமே? வளர்க்கலாம். அதற்கு விளக்கு வேண்டும். மின்விசிறி வேண்டும். மின்சாரக் கட்டணம் ஏறும். ஒரே பிளக்கில் பல விளக்குகளை மாட்டினால் ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

எல்லாவற்றையும் விட வாசனை! பூக்கும் காலத்தில் அதன் நெடி வீடு முழுவதும் பரவும். துணியில் ஏறும். அடுத்த வீட்டுக்கும் போகும். அதைத் தடுக்கக் கரி போட்ட வடிகட்டி வாங்கிப் பொருத்துகிறார்கள். அதற்கும் பணம்.

லாபமா, நஷ்டமா?

பணம் மிச்சம் ஆகும் என்பதுதான் வளர்ப்பவர்கள் சொல்லும் முதல் காரணம். தோட்டத்து வெயிலில் வளர்ப்பவருக்கு அது உண்மைதான். மண், உரம், தண்ணீர் தவிர வேறு செலவு அதிகம் இல்லை. என்ன மருந்து தெளித்தோம் என்பதும் தெரியும்.

விளக்குப் போட்டு வளர்ப்பவர் கணக்கு வேறு. 2018–க்குப் பிறகு கனடாவில் கடைச் சரக்கின் விலை இறங்கியிருக்கிறது. எப்போதாவது ஒரு நாள் பயன்படுத்துபவர் விளக்கும் விசிறியும் வாங்கி வைத்தால், போட்ட பணத்தை எடுக்கவே நீண்ட காலம் ஆகும்.

இன்னொன்று. கடைப் பொட்டலத்தில் போதைப் பொருளின் அளவு அச்சடித்திருக்கும். வீட்டுச் செடியில் அது எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கையில் நிறைய இருந்தால் பயன்படுத்துவதும் கூடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்

சட்டம் அனுமதித்தாலும் வீட்டுச் சொந்தக்காரர் மறுக்கலாம். "செடி வளர்க்கக்கூடாது" என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். அடுக்குமாடிக் கட்டடத்தின் சங்கமும் தடை விதிக்கலாம். மீறினால் வீட்டைக் காலி செய்யும் நிலை வரலாம்.

டொராண்டோ பகுதியில் ஏராளமான தமிழர்கள் வாழ்கிறார்கள். இங்கிருந்து படிக்கப் போகும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 4 செடி என்ற அளவைத் தாண்டுவது கடுமையான குற்றம். குடியுரிமை இல்லாதவர் தண்டனை பெற்றால் அந்த நாட்டில் தங்கும் உரிமையே பறிபோகலாம். கனடாவை விட்டுக் கிளம்பும்போது பெட்டியில் ஒரு சிறு பொட்டலம் இருந்தாலும் குற்றம்தான். எந்த நாட்டுக்குப் போனாலும் சரி, கனடாவுக்குள் வந்தாலும் சரி, எல்லையில் இந்தச் சலுகை கிடையாது.

குழந்தை உள்ள வீடு

இனி முக்கியமான விஷயம்.

பச்சை இலையை ஒரு குழந்தை கடித்துவிட்டால் பெரும்பாலும் அவ்வளவு போதை ஏறாது. சூடு பட்டால்தான் செடியில் உள்ள பொருள் போதைப் பொருளாக மாறுகிறது. ஆகவே பெரிய ஆபத்து தோட்டத்தில் இல்லை. சமையல் அறையில் இருக்கிறது!

விளைந்த பூவைச் சிலர் வெண்ணெயில் போட்டுக் காய்ச்சுகிறார்கள். அந்த வெண்ணெயில் பிஸ்கட், கேக் செய்கிறார்கள். அது பார்வைக்குச் சாதாரண பிஸ்கட் போலவே இருக்கும். குழந்தைக்கு வித்தியாசம் தெரியுமா?

கடையில் விற்கும் கஞ்சா தின்பண்டத்துக்குக் கனடா சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு பொட்டலத்தில் 10 மில்லிகிராமுக்கு மேல் போதைப் பொருள் கூடாது. குழந்தை பிரிக்க முடியாதபடி பொட்டலம் இருக்கவேண்டும். வீட்டில் செய்த பிஸ்கட்டுக்கு இந்த அளவும் இல்லை. அந்தப் பொட்டலமும் இல்லை.

ஒன்டாரியோ மாகாணத்தில் சட்டம் வந்த பிறகு, தெரியாமல் கஞ்சா தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட சிறு குழந்தைகளின் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. தின்பண்டங்கள் கடைக்கு வந்த பிறகு அது மேலும் கூடியது. அப்படித் தின்ற குழந்தை மயங்கித் தூங்கும். நடை தள்ளாடும். சில சமயம் மூச்சுத் திணறலும் வரும். தாமதிக்காமல் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். வெட்கப்பட்டு உண்மையை மறைக்கக்கூடாது. என்ன தின்றது என்று சொன்னால்தான் டாக்டருக்குச் சிகிச்சை செய்ய வழி தெரியும்.

வளர்ந்த பிள்ளைகள் விஷயம் வேறு. மனிதனின் மூளை 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு முன் அடிக்கடி கஞ்சா பிடித்தால் நினைவாற்றலும் படிப்பும் கெடும். சிலருக்கு மனநோயும் வரக்கூடும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. அப்பா தண்ணீர் ஊற்றி வளர்க்கும் செடியை, "இது கெட்டது, தொடாதே" என்று மகனிடம் சொல்வது எப்படி?

என்ன செய்யலாம்?

சொந்த வீடு. தோட்டம் உண்டு. வீட்டில் சிறுவர்கள் இல்லை. செடிக்கும் சரக்குக்கும் பூட்டு உண்டு. மாகாணச் சட்டம் அனுமதிக்கிறது. மிதமாகப் பயன்படுத்துபவர். அப்படிப்பட்டவர் 4 செடி வளர்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை.

வாடகை வீடு, அடுக்குமாடி வீடு, எப்போதோ ஒரு நாள் பழக்கம் என்றால் செடி வளர்ப்பது தொல்லையே தவிர லாபம் இல்லை.

தவழும் குழந்தையும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் உள்ள வீடு என்றால், வேண்டாம் என்பதே நல்ல முடிவு. அப்படியும் வளர்த்தே தீருவேன் என்பவர், விதை வாங்குவதற்கு முன்னால் பூட்டு வாங்கவேண்டும். அந்தப் பூவில் தின்பண்டம் செய்வதை அடியோடு விட்டுவிட வேண்டும்.

செடி 4 தானா என்று சர்க்கார் எண்ணிப் பார்க்கலாம். அலமாரி பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு இரவும் பார்க்கவேண்டியது வீட்டில் உள்ள பெரியவர்கள்தான்.