பட்டன் போனில் ஓடிய ஜாவா, நோக்கியாவின் லினக்ஸ் டேப்லெட்டில் ஏன் இல்லை?

ப்ளூடூத்தில் நண்பரிடமிருந்து ‘ஜார்’ ஃபைல் வாங்கி, பட்டன் போனில் கேம் விளையாடியது ஞாபகம் இருக்கா? அந்த கேம்கள் ஜாவாவில் எழுதப்பட்டவை. சாதாரண நோக்கியா போன்களிலேயே ஜாலியாக ஓடின. ஆனால், அதே நோக்கியா 2005-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘770 இன்டர்நெட் டேப்லெட்’டில் ஜாவா இல்லை!

அது என்ன கருவி?

கையடக்கமான, 4.1 இன்ச் தொடுதிரை கொண்ட கருவி. வைஃபை உண்டு, சிம் கார்டு கிடையாது. ரேம் வெறும் 64 எம்பி. உள்ளே ஓடியது ‘மேமோ’ என்ற லினக்ஸ். 2007-ல் என்800, என்810 என அடுத்தடுத்த மாடல்களும் வந்தன.

‘எங்கும் ஓடும்’ என்றார்களே?

‘ஒருமுறை எழுதினால் போதும், எங்கும் ஓடும்’. 1995-ல் ஜாவாவை அறிமுகப்படுத்திய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தந்த வாக்குறுதி இது. ஜாவா புரோகிராம் நேரடியாக சிப்பின் மொழிக்கு மாறாது. ‘பைட்கோடு’ என்ற பொது வடிவத்துக்கு மாறும். அதைப் படித்து சிப்புக்குப் புரியவைப்பது ‘விர்ச்சுவல் மெஷின்’ என்ற மென்பொருள்.

சிக்கலே இங்குதான். புரோகிராம் எங்கும் ஓடலாம். ஆனால், விர்ச்சுவல் மெஷினை ஒவ்வொரு சிப்புக்கும், இயங்குதளத்துக்கும் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டும். 770-ல் இருந்தது ஏஆர்எம் சிப். இன்டெல் கம்ப்யூட்டருக்கான ஜாவாவைத் தூக்கி இதில் போட முடியாது. சன் நிறுவனத்தின் ஜாவா அப்போது ஓப்பன் சோர்ஸும் அல்ல.

பிறகு யார் ஓடவைத்தது?

ஓப்பன் சோர்ஸ் ஆர்வலர்கள். ‘ஜாம்விஎம்’ என்ற குட்டி விர்ச்சுவல் மெஷின், சன் நிறுவனத்தின் கோடைத் தொடாமல் புதிதாக எழுதப்பட்ட ‘குனூ கிளாஸ்பாத்’ நூலகம் இரண்டும் கைகொடுத்தன. ‘ஜலிமோ’ என்ற திட்டம் இவற்றை மேமோவில் இன்ஸ்டால் செய்யும்படி தொகுத்தது.

ஆனாலும் எல்லாம் ஸ்மூத்தாகப் போகவில்லை. ஜாம்விஎம் ஒவ்வொரு கட்டளையாகப் படித்து இயக்கும். அதனால் வேகம் குறைவு. ஓடும்போதே சிப்பின் மொழிக்கு மாற்றும் ‘ககாவ்’ வேகமானது. ஆனால் மாற்றியதை வைக்க கூடுதல் மெமரி வேண்டும். கம்ப்யூட்டர் திரைக்காக வடிவமைத்த விண்டோக்களை சின்னத் திரைக்குள் அடக்குவது இன்னொரு தலைவலி.

2006 நவம்பரில், ஜாவாவை ஓப்பன் சோர்ஸ் ஆக்குவதாக சன் அறிவித்தது.

ஆண்ட்ராய்டு என்ன செய்தது?

2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. அதிலும் லினக்ஸ்தான், ஆப் எழுதும் மொழியும் ஜாவாதான். ஆனால், குறைந்த மெமரிக்கென்றே ‘டால்விக்’ என்ற சொந்த விர்ச்சுவல் மெஷினை கூகுள் உருவாக்கி, போனிலேயே வைத்துக் கொடுத்தது. அதற்கான பைட்கோடு வடிவமே வேறு. அதனால்தான் பழைய ‘ஜார்’ கேமை ஆண்ட்ராய்டில் அப்படியே திறக்க முடியாது.

இதற்கு கூகுள் கோர்ட் படியேற வேண்டியிருந்தது. சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள், 2010-ல் வழக்குப் போட்டது. ஜாவாவிலிருந்து சுமார் 11,500 வரிகளை எடுத்துக்கொண்டது நியாயமான பயன்பாடுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-ல் 6-2 எனத் தீர்ப்பளித்தது.

அடுத்தமுறை ‘எல்லா டிவைஸிலும் ஓடும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் கையில் இருக்கும் டிவைஸுக்கு அதை ஓடவைக்கும் வேலையை யாராவது செய்திருக்கிறார்களா?