அகன்ற டயரா, குறுகிய டயரா?

டயர் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு வேகம் கிடைக்கும் என்று மிதிவண்டிப் பந்தய வீரர்கள் பல்லாண்டுகள் நம்பினர். ஆகவே, 23 மி.மீ. அல்லது அதனினும் குறுகிய டயர்களைப் பொருத்தி, கல்போல் இறுகும்வரை காற்றடைத்தனர். இன்றோ, சாலைப் பந்தய வீரர்களுள் பெரும்பாலோர் 28 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட அகலமுடைய டயர்களையே விரும்புகின்றனர். இம்மாற்றத்திற்குக் காரணம் யாது?

ஓட்டுபவரின் எடையால் டயரின் அடிப்பகுதி சற்றே நசுங்கித் தரையில் படிகின்றது. சக்கரம் சுழலும்போது அப்பகுதி மேலெழுந்து பழைய வடிவை அடைகின்றது. இவ்வாறு நசுங்கி நிமிரும் ரப்பர், தான் பெற்ற ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாக மாறி வீணாகின்றது. இதுவே உருளும் தடைக்கு முதன்மைக் காரணம்.

எடையும் காற்றழுத்தமும் சமமாயின், இருவகை டயர்களும் தரையில் படியும் பரப்பு ஏறத்தாழ ஒன்றே, வடிவம்தான் வேறு. குறுகிய டயரின் தடம் வெள்ளரிப்பிஞ்சு போல நீண்டிருக்கும். அகன்ற டயரின் தடம் எலுமிச்சை போல நீளம் குறைந்திருக்கும். நீளமாகப் படியும் டயர் மிகுதியாக நசுங்குவதால், மிகுதியான ஆற்றலை இழக்கின்றது.

கரடுமுரடான சாலையில் வேறுபாடு இன்னும் தெளிவாகும். இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளுகின்றது. அந்த அதிர்விலும் ஆற்றல் வீணாகின்றது. அகன்ற டயரிலோ காற்றழுத்தத்தைக் குறைக்க இயலும். அது சிறு மேடுகளைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருளும். பிரான்சு நாட்டில் 1896ஆம் ஆண்டு தொடங்கிய பாரிஸ்–ரூபே பந்தயத்தில் கல் பாவிய பாதைகள் பல உள்ளன. அங்கு வீரர்கள் இன்று 30 மி.மீ. அல்லது அதனினும் அகன்ற டயர்களைப் பயன்படுத்துகின்றனர்.

ஆயினும், அகலம் கூடினால் எடையும் காற்றின் எதிர்ப்பும் கூடும். வழவழப்பான உள்ளரங்கப் பந்தயத் தளத்திற்குக் குறுகிய, இறுகிய டயரே ஏற்றது.

குறுகிய டயரின் அதிர்வு, விரைந்து செல்வது போன்ற உணர்வைத் தந்தது. அளந்து பார்த்தபோதே உண்மை புலப்பட்டது. வேகமாகத் தோன்றுவது வேறு; வேகமாகச் செல்வது வேறு.

சொற்பொருள்
தடம் – பதிவு
பாவிய – பரப்பிய
புலப்பட்டது – தெரியவந்தது

பயிற்சி
1. பிரித்து எழுதுக: பல்லாண்டுகள், இம்மாற்றம்.
2. உருளும் தடை எவ்வாறு தோன்றுகின்றது?
3. உள்ளரங்கத் தளத்திற்குக் குறுகிய டயர் ஏற்றது, ஏன்?
4. உம் மிதிவண்டி டயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டுள்ள அளவைக் கண்டு எழுதுக. நீவிர் செல்லும் சாலைக்கு அது ஏற்றதா? காரணம் கூறுக.