18 மீட்டருக்குக் கீழே என்ன மாறுகிறது?

பள்ளி விடுமுறையில் பெர்ஹெந்தியானிலோ தியோமானிலோ ஸ்கூபா முக்குளிப்பு கற்று, தொடக்கநிலைச் சான்றிதழும் வாங்கிவிட்டீர்கள். அதன்படி நீங்கள் 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். அடுத்தது 'அட்வான்ஸ்ட் ஓப்பன் வாட்டர்' பயிற்சி. அதை முடித்தால் வரம்பு 30 மீட்டராகும். கூடுதலாக 12 மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால், அந்த 12 மீட்டரில் உங்கள் காற்று, மூளை, நேரம் ஆகிய மூன்றின் கணக்கும் மாறிவிடுகிறது.

காற்றின் கணக்கு

நான்காம் படிவ இயற்பியலில் படித்த பாயில் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தில் அழுத்தம் 1 வளிமண்டலம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு வளிமண்டலம் கூடும். ஆகவே 18 மீட்டரில் 2.8, 30 மீட்டரில் 4. அழுத்தம் நான்கு மடங்கானால், ஒவ்வொரு மூச்சுக்கும் தோம்பிலிருந்து நான்கு மடங்கு காற்று செலவாகும்.

12 லிட்டர் தோம்பில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவசரத்துக்கென 50 பார் ஒதுக்கினால் மீதி 1,800 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு இது 10 மீட்டரில் 45 நிமிடமும், 18 மீட்டரில் 32 நிமிடமும் தாங்கும். 30 மீட்டரிலோ சுமார் 22 நிமிடம்தான். பதற்றத்தில் மூச்சு இரு மடங்கானால் அது 11 நிமிடமாகச் சுருங்கும்.

மூளையின் மந்தம்

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். கரையில் அது நம்மை ஒன்றும் செய்வதில்லை. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது, அதே நைட்ரஜன் மூளையை மயக்கத் தொடங்குகிறது. சிலருக்கு உற்சாகம் பொங்கும். சிலருக்குக் காரணமில்லாத பயம் வரும். யோசிக்கும் வேகம் குறையும். தமக்கு இப்படி ஆகிறது என்பதே பலருக்குத் தெரியாது. இதனால்தான் பயிற்றுநர் ஓர் எளிய வேலையை முதலில் கரையிலும் பிறகு ஆழத்திலும் செய்யச் சொல்லி, இரண்டுக்கும் ஆன நேரத்தை ஒப்பிட்டுக் காட்டுவார். சில மீட்டர் மேலே வந்தால் மயக்கம் தெளிந்துவிடும்.

நேரத்தின் எல்லை

அழுத்தத்தில் நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. அளவுக்கு மீறிக் கரைந்த பிறகு விரைந்து மேலே வந்தால், மூடி திறந்த சோடா போல உடலுக்குள் குமிழிகள் உண்டாகும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை அதன் விளைவுகள் நீளும்.

பரவலாகப் பயன்படும் முக்குளிப்பு அட்டவணைப்படி, அன்றைய முதல் முக்குளிப்பில் 18 மீட்டர் ஆழத்துக்கு 56 நிமிடமும், 30 மீட்டருக்கு 20 நிமிடமும் எல்லை. இதை மேலே பார்த்த காற்றுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். 18 மீட்டரில் நைட்ரஜன் எல்லையை எட்டும் முன்பே காற்று குறைந்து உங்களை மேலே அனுப்பிவிடும். 30 மீட்டரில் காற்று மிச்சமிருக்கும்போதே நேரம் முடிந்துவிடும். காற்றுமானியை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு ஆபத்து இங்கேதான். ஆழமானியையும் கடிகாரத்தையும், அல்லது முக்குளிப்புக் கணினியையும், சேர்த்தே கவனிக்க வேண்டும்.

எப்போது சேரலாம்?

பரவலான பாடத்திட்டத்தில் இப்பயிற்சிக்கு ஐந்து முக்குளிப்புகள். ஆழ முக்குளிப்பும் நீருக்கடியில் திசையறிதலும் கட்டாயம். மற்ற மூன்றையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அவற்றில் ஒன்றாக மிதப்புக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் நிலையாக மிதந்தால் கைகால்களை வீணாக அசைக்க வேண்டியதில்லை, காற்றும் மிச்சமாகும்.

தொடக்கநிலைப் பயிற்சியில் நான்கு முக்குளிப்புகள், இதில் ஐந்து. ஆக, ஒன்பதே முக்குளிப்புகளில் ஒருவர் 'அட்வான்ஸ்ட்' அட்டை பெற்றுவிட முடியும். பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். பவளத்துக்கு வெளிச்சம் தேவை என்பதால், நம் தீவுகளில் பவளங்களும் அவற்றை அண்டி வாழும் மீன்களும் ஆழம் குறைந்த இடங்களிலேயே ஏராளம். அங்கே சில முறை இறங்கி, மானியைப் பார்க்காமலே உங்கள் காற்று எவ்வளவு இருக்கும் என்று ஏறக்குறையச் சொல்லப் பழகுங்கள். பிறகு பார்த்துச் சரிபாருங்கள். ஊகமும் மானியும் ஒத்துப்போகத் தொடங்கியதும் அடுத்த பயிற்சிக்குப் பெயர் கொடுக்கலாம்.